சக்கரத்தின் மேல் ஒரு வீடு

சென்ற மாதம் மெல்பேர்ண் நகரிலிருந்து எனக்கொரு கடிதம் வந்தது. எழுதியவர் என் பழைய நண்பர்; யாழ்ப்பாணத்தில் என்னோடு ஒரே வாங்கிலிருந்து படித்தவர். இக்காலத்திலும் காகிதத்திற் கடிதமெழுதும் பழக்கம் அவரை விட்டுப் போகவில்லை. முப்பது ஆண்டுகள் அந்நாட்டில் உத்தியோகம் பார்த்து இப்பொழுது இளைப்பாறியிருக்கிறார். பிள்ளைகள் இருவரும் மணமுடித்துத் தனித்தனியே குடித்தனம் நடத்துகின்றனர். இனி இருக்கும் வீட்டை விற்றுவிட்டு, கட்டில், அடுப்பு, குளிர்ப்பெட்டி முதலியன பொருத்திய ஒரு வானை வாங்கி, கைகால் வழங்கும் காலம்வரை அக்கண்டத்தைச் சுற்றிச்சுற்றி வாழ்வதென்று தீர்மானித்திருப்பதாகவும், இதைப்பற்றி என் அபிப்பிராயம் யாது என்றும் கேட்டிருந்தார். கடிதத்தின் அடியிலே அவர் மனைவியார் தம் கைப்பட ஒரு வரி சேர்த்திருந்தார்: “அண்ணா, என் தையல் மெசினை எங்கே வைப்பது என்று இவரைக் கேட்டு எழுதுங்கள்.”

நண்பருடைய ஆசை புதியதன்று. இளைப்பாறியபின் இவ்வாறு புறப்படுவோரை அவுஸ்திரேலியர் ‘நரைத்தலை நாடோடிகள்’ என்று செல்லமாக அழைப்பர். 1955-ம் ஆண்டில் இலக்கமிடப்பெற்ற முதலாம் நெடுஞ்சாலை, கண்டத்தின் ஓரமாகவே வளைந்து வளைந்து ஏறக்குறைய 14,500 கிலோ மீற்றர் செல்கிறது. கடலொரு புறமும் காடொரு புறமுமாக அவ்வழியே செல்லும் வண்டியைப் படத்திற் பார்க்குங்கால் யாருக்குத்தான் ஆசை பிறவாது? எனக்கும் பிறந்ததுண்டு. ஆயினும் படம் பிடிப்பவர் காலைச் சூரியனைப் பிடிக்கிறாரேயன்றி, அதற்கு முன்னர் அவ்வண்டியிலிருந்தோர் இரவை எவ்வாறு கழித்தனர் என்பதைப் பிடிப்பதில்லை.

முதலில் தண்ணீரைப் பார்ப்போம். நடுத்தரமான ஒரு வானில் நல்ல தண்ணீர்த் தொட்டி கொள்வது நாற்பது முதல் நூறு லீற்றர் வரையில்தான். குடிப்பதும், சமைப்பதும், பாத்திரம் கழுவுவதும், மேல் கழுவுவதும் இதற்குள் அடங்க வேண்டும். கிணற்றடியில் நின்று வாளி வாளியாக அள்ளி வார்த்து வளர்ந்த நம்மவர்க்கு இஃது எத்தகைய தவம் என்று சொல்ல வேண்டியதில்லை. உள்ளே வந்த தண்ணீர் அழுக்காகி வேறொரு தொட்டிக்குப் போகிறது. சொல்லக் கூசினாலும் சொல்லத்தான் வேண்டும்: மலகூடத்தின் அடியிலுள்ள பெட்டியின் கொள்ளளவு இருபது லீற்றர் அளவே. இருவர் இருந்தால் இரண்டு மூன்று நாட்களில் அது நிரம்பிவிடும். அதனைக் கழற்றி, கையிற் பிடித்துச் சென்று, அதற்கென அமைக்கப்பட்ட இடத்திற் கொட்டிக் கழுவி, மருந்துநீர் வார்த்து, மீண்டும் பொருத்துதல் வேண்டும். மழையானாலும் வெயிலானாலும், காய்ச்சலானாலும் இடுப்பு நோவானாலும் இந்தக் கடமையிலிருந்து விடுதலை கிடையாது. ஒரு மாத உல்லாசத்தில் இதைச் சிரித்துக்கொண்டே செய்துவிடலாம். ஐந்தாம் ஆண்டிலும் அந்தச் சிரிப்பு நிலைக்குமா என்பதே கேள்வி.

அடுத்தது ஈரம். பலர் இதனை எதிர்பார்ப்பதேயில்லை. இருவர் மூடிய வண்டிக்குள் ஓர் இரவு உறங்கினால், மூச்சிலும் வியர்வையிலும் வெளியேறும் நீர் அரை லீற்றருக்குக் குறையாது. குளிர்நாளில் அது சன்னற் கண்ணாடியிலும் தகரச் சுவரிலும் படிந்து துளிகளாய் வடியும். மெத்தையின் அடிப்புறம் நனையும். சில வாரங்களிற் பூஞ்சணம் பிடிக்கும். சமையல் செய்தாலோ ஆவி இன்னும் மிகும். இதற்குப் பரிகாரம் காற்றுவழியைத் திறந்து வைத்தலே. திறந்தாற் குளிரும்; மூடினால் நனையும். குளிருக்கஞ்சி எல்லா வழியையும் அடைத்துவிட்டுக் காஸ் அடுப்பை மூட்டிக் கதகதப்புத் தேடுவது உயிருக்கே உலை வைக்கும் செயல். எரிவாயு குறையாக எரியும்போது உண்டாகும் காபன் மொனொக்சைட்டுக்கு நிறமுமில்லை, மணமுமில்லை. உறங்குவோர் உறங்கியபடியே இறந்துபோக நேரும். இந்த வாயுவைக் கண்டு ஒலியெழுப்பும் சிறு கருவி பொருத்தாத வண்டியிற் படுக்கவே கூடாது.

இவை பொருள்களாலுண்டாகும் சங்கடங்கள். மனிதராலுண்டாகும் சங்கடம் வேறு. நாமும் வான் பிடித்துக் குடும்பமாகக் கதிர்காமத்துக்கும் நுவரெலியாவுக்கும் போய் வருகிறோம். முதல் நாள் பாட்டும் கைதட்டலும். இரண்டாம் நாள் உறக்கம். மூன்றாம் நாள் யார் சன்னலோரத்தில் இருப்பது என்று பெரியவர்களே முகம் சுளிப்பதை யார்தான் கண்டதில்லை? வீட்டிலே கணவனுக்கும் மனைவிக்கும் மனத்தாங்கல் உண்டானால் ஒருவர் விறாந்தையிலும் மற்றவர் அடுக்களையிலும் சிறிது நேரம் இருந்துவிட்டால் பாதிக் கோபம் ஆறிவிடும். கட்டிலே கதிரையாகவும், கதிரையே மேசையாகவும் மாறுகின்ற அந்தச் சிறு கூட்டிலே கோபத்தை எங்கே கொண்டுபோய் வைப்பது? ஒருவர் எழுந்தால் மற்றவர் காலை மடக்க வேண்டும். ஒருவர் குறட்டை விட்டால் மற்றவருக்குப் போக வேறு அறையில்லை. மேலும், நான் கவனித்தவரையில், ஊர் சுற்றும் ஆசை பெரும்பாலும் இருவருள் ஒருவருக்கே முதலில் வருகிறது, மற்றவர் உடன்படுகிறார். உடன்பட்டவர் பெரும்பாலும் மனைவியே என்பதையும், வண்டியிலேறிய பின்னரும் சமையல் அவரை விட்டு நீங்குவதில்லை என்பதையும் ஆண்மக்கள் சற்றே எண்ணிப் பார்த்தல் நலம்.

வழியின் நீளத்தையும் சிந்திக்க வேண்டும். நல்லர்போர் சமவெளியைக் கடந்து செல்லும் ஐயர் நெடுஞ்சாலையில், பலடோனியாவுக்கும் கய்குனாவுக்குமிடையே 146 கிலோ மீற்றருக்கு மேல் ஒரு வளைவுகூட இல்லாமற் சாலை நேரே செல்கிறது. நல்லர்போர் என்பதற்கு லத்தீன் மொழியில் ‘மரம் இல்லை’ என்பது பொருள். இத்தகைய இடத்தில் இயந்திரம் பழுதானால் உதவி வரும்வரை காத்திருத்தலே வழி. அந்திப் பொழுதிற் கங்காருக்கள் சாலையிற் பாயுமாதலால் மாலையாகுமுன் வண்டியை நிறுத்திவிட வேண்டும். எல்லைச் சாவடி வேறு இருக்கிறது. மேற்கு அவுஸ்திரேலியாவுக்குட் புகுமுன் பழம், காய்கறி, தேன் முதலியவற்றை அதிகாரிகளிடம் ஒப்படைத்துவிட வேண்டும். பயிர் நோய்கள் பரவாதிருப்பதற்காக ஏற்பட்ட சட்டம் அது. முதல் நாள் ஆசையாக வாங்கி நிறைத்த காய்கறிக் கூடை அங்கே குப்பைத் தொட்டிக்குப் போகும்.

சுதந்திரம் என்கிறார்களே, அதுவும் முழுச் சுதந்திரமன்று. கண்டத்தின் வடபுறத்தில் நவம்பர் முதல் ஏப்ரல் வரை பெருமழையும் சூறாவளியுமாக இருத்தலின், வெள்ளத்தினாற் சாலைகள் அறுபட்டுப் போகும். ஆகவே குளிர்காலத்தில் எல்லோரும் ஒருங்கே வடக்கு நோக்கிப் போகிறார்கள். கோடையில் எல்லோரும் ஒருங்கே தெற்கு நோக்கி வருகிறார்கள். மனம்போன போக்கில் திரிய எண்ணிப் புறப்பட்டவர், பேர்போன தங்குமிடங்களில் ஓரிடம் பெறுவதற்கு மாதக் கணக்கில் முன்கூட்டியே பதிந்து வைக்கிறார்.

வண்டி பழுதுபார்க்கும் கராச்சுக்குப் போகும் நாளிலேதான் இந்த வாழ்க்கையின் உண்மையான விநோதம் விளங்கும். நம் கார் கராச்சிலிருந்தால் நாம் வீட்டிலிருப்போம். இவர்களுக்கோ கார் போகும்போது வீடும் கூடவே போகிறது. கட்டிலும் உடுப்பும் மருந்துப் போத்தலும் போகின்றன. ஓர் உதிரிப்பாகம் வரும்வரை ஒரு வாரமோ இரு வாரமோ விடுதியிற் கூலி கொடுத்திருக்க வேண்டும். பெரிய வண்டியாயின் ஒரு லீற்றர் எண்ணெய்க்கு மூன்று கிலோ மீற்றர் அளவே ஓடும். வீட்டு வாடகை மிச்சம் என்று கணக்குப் பார்த்தவர்கள் இவற்றை அந்தக் கணக்கிற் சேர்ப்பதில்லை.

இனி, விலாசம் என்ற சிறிய விஷயம் இருக்கிறது. வங்கிக்கு விலாசம் வேண்டும். சாரதி அனுமதிப் பத்திரத்துக்கு வேண்டும். வாக்காளர் இடாப்புக்கு வேண்டும். நிலையான வீடில்லாதவனை எந்தக் கந்தோரும் நம்பத் தயங்குகிறது. ஐக்கிய அமெரிக்காவில் தென் டக்கோட்டா மாநிலம் ஒரே ஓர் இரவு அங்கே தங்கியதற்கான பற்றுச்சீட்டைக் காட்டினால் சாரதி அனுமதிப் பத்திரம் வழங்குவதனால், அம்மாநிலத்தை ஒருநாள் மட்டுமே கண்ட பல்லாயிரம் நாடோடிகள் அதனையே தாயகமாகப் பதிந்திருக்கின்றனர். அந்நாட்டின் மேற்குப் புறத்திலுள்ள மத்திய அரசின் நிலங்களில் இலவசமாகத் தங்கலாம். ஆனால் பொதுவாக ஓரிடத்தில் 14 நாட்களுக்கு மேல் நிற்றல் கூடாது. நகரத்துத் தெருவோரத்தில் நின்றாலோ நள்ளிரவிற் கதவு தட்டப்படும். பொலீசார் டோர்ச் வெளிச்சத்தோடு நிற்பர். 2024-ம் ஆண்டு யூன் மாதத்தில் அமெரிக்க உயர்நீதிமன்றம், பொதுவிடங்களிற் படுத்துறங்குவோரைத் தண்டிக்க நகரசபைகளுக்குத் தடையில்லை என்று தீர்ப்பளித்தது. அதன்பின் இவர்கள் நிலை இன்னும் இறுக்கமாயிற்று.

எல்லோரும் விரும்பித்தான் இவ்வாழ்வை ஏற்றனர் என்றும் எண்ணிவிடலாகாது. 2008-ம் ஆண்டில் நேர்ந்த பணமுடையினால் வீடிழந்த அமெரிக்க முதியோர் பலர் வான்களிற் குடியேறினர். பருவத்துக்குப் பருவம் கிழங்கு அறுவடைக்கும், பண்டகசாலைகளிற் பொதிகட்டவும், முகாம்களைத் துப்புரவு செய்யவும் ஊரூராகச் சென்ற அவர்களோடு தாமும் ஒரு வானில் வாழ்ந்து பார்த்த பத்திரிகையாளர் ஜெசிக்கா புரூடர், 2017-ம் ஆண்டில் ‘நோமட்லாண்ட்’ என்ற நூலை வெளியிட்டார். அதனைத் தழுவிய திரைப்படம் 2021-ம் ஆண்டில் சிறந்த படத்துக்கான ஒஸ்கார் பரிசைப் பெற்றது. எழுபது வயதிற் பத்து மணி நேரம் நின்று வேலை செய்துவிட்டு வண்டிக்குத் திரும்பும் மூதாட்டிக்கு நட்சத்திரங்களை அண்ணாந்து பார்க்க அவகாசமேது?

வசதியோடு புறப்பட்டோரையும் தனிமை விடுவதில்லை. நாவலாசிரியர் ஜோன் ஸ்டைன்பெக் தமது 58-ம் வயதில், 1960-ம் ஆண்டு செப்டெம்பரில், சிறு வீடொன்று பொருத்திய லொறியில், சார்லி என்னும் நாயைத் துணையாகக் கொண்டு அமெரிக்காவைச் சுற்றப் புறப்பட்டார். இடையிடையே மனைவியார் வந்து சேர்ந்துகொண்டார். அவர் பல இரவுகளை ஹோட்டல்களிற் கழித்தாரென்று பின்னாளில் ஆராய்ந்தோர் சொல்லினர். திரும்பி வருகையில், வீடு சேர நெடுந்தூரம் இருக்கும்போதே வேர்ஜினியா மாநிலத்தில் ஓரூரில் தம் பயணம் முடிந்துவிட்டதென்று அவரே எழுதுகிறார். அதன்பின் அவர் எதனையும் பார்க்கவில்லை; ஓட்டினார், அவ்வளவே. கண் நிரம்பியபின் மனம் எதனையும் வாங்குவதில்லை போலும்! இத்தனைக்கும் அவர் சென்றது சில மாதங்களே. போய்ச் சேர ஒரு வீடும் அவருக்கு இருந்தது.

நோயைப் பற்றி எழுதும்போது என் பேனா தயங்குகிறது. நண்பருக்குச் சலரோகம் உண்டு. ஓரூரில் இரத்தம் கொடுத்தால் அதன் பெறுபேறு வரும்போது அவர் ஆயிரம் கிலோ மீற்றருக்கு அப்பாலிருப்பார். ஒவ்வோரூரிலும் புதிய வைத்தியரிடம் முதலிலிருந்து கதை சொல்ல வேண்டும். 1928-ம் ஆண்டில் தொடங்கிய பறக்கும் வைத்தியர் சேவை அந்நாட்டின் பெரும் புண்ணியம். ஐயர் நெடுஞ்சாலையிற் சிற்சில பகுதிகளை விமானம் இறங்குவதற்கென்றே குறித்து வைத்திருக்கிறார்கள். ஆனால் விமானம் ஏற்றிச் செல்வது நோயாளியை. வண்டியோடு தனித்து நிற்கும் மனைவி, அதனை ஓட்டத் தெரியாதவராயின் என் செய்வார்? ஜேர்மானியரான குந்தர் ஹோல்டோர்ப் 1988 முதல் 2014 வரை ஒரே வண்டியில் ஏறக்குறைய ஒன்பது லட்சம் கிலோ மீற்றர் உலகைச் சுற்றினார். அவரோடு பல்லாண்டு சென்ற துணைவி கிறிஸ்டீன் 2010-ம் ஆண்டிற் புற்றுநோயால் மறைந்தார். கொள்ளைநோய் பரவிய 2020-ம் ஆண்டிலோ அவுஸ்திரேலிய மாநிலங்கள் ஒன்றன்பின் ஒன்றாக எல்லைகளை அடைத்தன, முகாம்கள் மூடப்பட்டன. “வீட்டிலேயே இருங்கள்” என்று அரசாங்கம் கட்டளையிட்டபோது, இருக்க வீடில்லாதவர்கள் திகைத்து நின்றனர்.

நியாயம் பேசுவதாயின் மறுபுறமும் உண்டு. ஆர்ஜென்ரீன நாட்டு சாப் தம்பதிகள் 2000-ம் ஆண்டில் ஒரு பழைய 1928-ம் வருடத்துக் காரிற் புறப்பட்டு, 22 ஆண்டுகள் சுற்றி, வழியிலேயே நான்கு பிள்ளைகளையும் பெற்று வளர்த்து, 2022-ல் ஊர் திரும்பினர். ஆனால் அவர்கள் இளமையிற் புறப்பட்டவர்கள். வழிநெடுக அன்னியர் வீடுகளில் விருந்தாகத் தங்கியவர்கள். அறுபத்தெட்டு வயது நண்பருக்கு அவர்களை உதாரணமாகக் காட்ட எனக்குத் துணிவில்லை.

நான் எழுதிய பதில் இதுதான். வீட்டை விற்க வேண்டாம், வாடகைக்கு விடுங்கள். மெல்பேர்ணில் வீட்டின் விலை பின்னொரு நாளில் உங்களுக்கு எட்டாததாகிவிடலாம். வானின் விலையோ வாங்கிய மறுநாளே இறங்கும். வானையும் வாங்க வேண்டாம். ஒரு மாதத்துக்கு வாடகைக்கு எடுங்கள். அதுவும் கோடையில் வேண்டாம். விக்டோரியாவில் மழையும் குளிரும் கூடிய யூலை மாதத்தில் எடுத்து, வெதுவெதுப்பான வடக்கே ஓடிவிடாமல் அங்கேயே சுற்றிப் பாருங்கள். மலகூடப் பெட்டியை முதல் இரு வாரம் நீங்கள் சுத்தஞ் செய்யுங்கள். அடுத்த இரு வாரமும் நீங்களே செய்யுங்கள். தங்கச்சிக்கு வண்டியோட்டப் பழக்குங்கள். தையல் மெசினையும் ஏற்றிக்கொண்டு போங்கள். அதற்கொரு மூலை அகப்படுகிறதா என்று பார்த்து எனக்கு எழுதுங்கள்.

சென்ற கிழமை மறுமொழி வந்தது. யூலை மாதத்துக்கு வானைப் பதிந்துவிட்டாராம். இம்முறை அடியிலே மனைவியார் இரண்டு வரி எழுதியிருந்தார்: “மெசினை அளந்து பார்த்தோம். கட்டிலுக்கடியில் வைக்கலாம், ஆனால் தைக்கும்போது இவர் வெளியே நிற்க வேண்டும்.”