மெழுகுவர்த்தி கற்பித்த பாடம்

‘ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது’ என்பது நம் முன்னோர் சொல்லி வைத்த முதுமொழி. உயர்நிலைப் பள்ளிகளில் இயற்பியலும் வேதியியலும் பெரும்பாலும் இந்த ஏட்டுச் சுரைக்காயாகவே மாணவர் கைக்கு வந்து சேர்கின்றன. சூத்திரத்தை நெட்டுருப் போடு; விடைத்தாளில் இறக்கி வை; மறந்துவிடு. இம்முறையில் படித்துத் தேறியவர்களில் நானும் ஒருவன். வேதியியல் பட்ட வகுப்பில் மூன்றாம் ஆண்டு வரை வந்தும்விட்டேன். எனினும், ஒன்பதாம் வகுப்புச் சிறுமி ஒருத்தி கேட்ட கேள்விக்கு விடை தெரியாமல் நான் விழித்த ஒரு மாலைப் பொழுதில்தான், அறிவியலைச் சொல்லிக் கொடுப்பது என்றால் என்ன என்பது எனக்கு விளங்கத் தொடங்கியது. அந்த அனுபவத்தையும் அதன்வழி நான் கற்றதையும் இம்மலரின் வாயிலாகப் பகிர்ந்துகொள்ள விரும்புகிறேன்.

திண்ணை வகுப்பு

எங்கள் ஊர்த் தொடக்கப்பள்ளித் திண்ணையில் ஒன்பது, பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு மாலை நேரத்தில் பாடம் சொல்லிக் கொடுத்து வந்தேன். முதல் மாதம் கரும்பலகையும் சுண்ணக்கட்டியுமாகவே கழிந்தது. பின்வரிசைப் பையன்கள் கொட்டாவி விட்டார்கள். அவர்களைக் கவர வேண்டும் என்று ஒரு நாள் தட்டு, தண்ணீர், மெழுகுவர்த்தி, கண்ணாடி டம்ளர் ஆகியவற்றோடு போனேன்.

சோதனை நாம் எல்லோரும் அறிந்ததுதான். தட்டில் மெழுகுவர்த்தியை நிறுத்தித் தண்ணீர் ஊற்ற வேண்டும். சுடரை ஏற்றி டம்ளரைக் கவிழ்த்தால், சற்று நேரத்தில் சுடர் அணையும்; தண்ணீர் டம்ளருக்குள் ஏறும். ‘காற்றில் ஐந்தில் ஒரு பங்கு ஆக்சிஜன். அது எரிந்து தீர்ந்ததால் அந்த இடத்தைத் தண்ணீர் நிரப்பியது’ என்று எனக்குச் சொல்லப்பட்டதை அப்படியே சொன்னேன். பிள்ளைகள் கைதட்டினார்கள். எனக்கும் பெருமை தாங்கவில்லை.

அப்போது அந்தச் சிறுமி எழுந்தாள். “அண்ணா, வெளக்கு எரியறப்ப தண்ணி ஏறலையே! அணைஞ்ச பெறகுதானே சரசரன்னு ஏறுது? ஆக்சிஜன் எரியறப்பதானே தீரணும்?”

எனக்கு நாக்கு ஒட்டிக்கொண்டது. “பரீட்சைக்கு இவ்வளவு போதும், உட்கார்” என்றேன். அவள் உட்கார்ந்துவிட்டாள். மறுநாளும் அதற்கு மறுநாளும் வகுப்புக்கு வந்தாள். ஆனால் வாய் திறக்கவில்லை. கேள்வி கேட்கும் ஒரு பிள்ளையை ஒரே வாக்கியத்தால் ஊமையாக்கிவிட்டேன் என்ற எண்ணம் என்னை உறுத்தத் தொடங்கியது.

மூன்று மெழுகுவர்த்திகள்

எங்கள் துறைப் பேராசிரியர் ஒருவரிடம் நடந்ததைச் சொன்னேன். அவர் விடை சொல்லவில்லை. “ஒரு மெழுகுவர்த்திக்குப் பதில் மூன்றை ஏற்றிப் பார். டம்ளரில் உள்ள காற்று அதே அளவுதான். ஆக்சிஜன்தான் காரணம் என்றால் தண்ணீர் எவ்வளவு ஏற வேண்டும் என்று முதலில் எழுதி வைத்துக்கொள்” என்றார்.

‘அதே அளவு’ என்று எழுதி வைத்துவிட்டுச் செய்தேன். மூன்று சுடர்களுக்குத் தண்ணீர் மிக உயரமாக ஏறியது! அடுத்து, சுடரே இல்லாமல், டம்ளரைக் கொதிநீரில் அலசிச் சூட்டோடு சூடாகத் தட்டில் கவிழ்த்தேன். எதுவும் எரியாமலேயே தண்ணீர் ஏறியது. சிறுமியின் கண் பார்த்தது சரி. நான் படித்ததுதான் பிழை.

நடப்பது இதுதான். சுடரின் வெப்பத்தால் டம்ளருக்குள் காற்று விரிகிறது. ஒரு பகுதி விளிம்பு வழியே குமிழிகளாக வெளியேறுகிறது. சுடர் அணைந்ததும் மிஞ்சிய காற்று குளிர்ந்து சுருங்குகிறது. உள்ளே அழுத்தம் குறையவே, வெளிக்காற்று தண்ணீரை உள்ளே தள்ளுகிறது. சுடர்கள் மிகுந்தால் சூடும் மிகுதி, வெளியேறும் காற்றும் மிகுதி, ஏறும் தண்ணீரும் மிகுதி.

ஆக்சிஜனுக்குப் பங்கே இல்லையா? உண்டு, ஆனால் சிறிது. 25 கார்பன் அணுக்களும் 52 ஹைட்ரஜன் அணுக்களும் கொண்ட மெழுகு மூலக்கூறு ஒன்று முழுமையாக எரிய 38 ஆக்சிஜன் மூலக்கூறுகள் வேண்டும். அவற்றுக்கு ஈடாக 25 கரியமில வாயு மூலக்கூறுகளும் 26 நீர் மூலக்கூறுகளும் தோன்றுகின்றன. நீராவி குளிர்ந்து நீராகிவிடும். கரியமில வாயுவோ பெரும்பகுதி அங்கேயே இடத்தை அடைத்துக்கொண்டு நிற்கும். மேலும், காற்றில் 21 விழுக்காடாக உள்ள ஆக்சிஜன் ஏறத்தாழ 16 விழுக்காட்டுக்குக் குறையும்போதே மெழுகுவர்த்தி அணைந்துவிடுகிறது. ஆக்சிஜன் ‘தீர்ந்து’ போவதே இல்லை.

மறுநாள் வகுப்பில் இரு சோதனைகளையும் செய்து காட்டி, “அன்று நான் சொன்னது தவறு. இந்தத் தங்கை கேட்டதுதான் சரி” என்றேன். வகுப்பு அவள் பக்கம் திரும்பியது. அவள் சற்று நேரம் தட்டையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, “அப்போ ஐந்தில ஒரு பங்குங்கறதை எப்படிண்ணா கண்டுபிடிக்கிறது?” என்றாள். மீண்டும் வாய் திறந்தாளே என்று எனக்கு உயிர் வந்தது. “எனக்கும் தெரியாது. சேர்ந்து பார்ப்போம்” என்றேன். ஓர் ஆசிரியர் வாயிலிருந்து வரக்கூடிய மிக நல்ல சொற்களில் இதுவும் ஒன்று என்று இப்போது நினைக்கிறேன்.

அதற்கும் வழி இருந்தது. லேத் பட்டறையில் இரும்புத் தூள் வாங்கினோம். சோதனைக்குழாயின் உட்புறத்தை நனைத்துத் தூளை ஒட்டச் செய்து, தண்ணீரில் தலைகீழாக நிறுத்தினோம். இரும்பு துருப்பிடிக்க ஆக்சிஜனை எடுத்துக்கொள்கிறது. துரு திண்மப் பொருளாகையால் பதிலுக்கு வாயு எதுவும் வருவதில்லை. சூடும் குறிப்பிடத்தக்க அளவில் இல்லை. சில நாட்களில் தண்ணீர் மெல்ல ஏறி, குழாயின் ஐந்தில் ஒரு பங்கு அளவில் நின்றது. அந்த நாட்களில் பிள்ளைகள் பாட நேரத்துக்கு முன்பே வந்து அளவுகோலை வைத்துப் பார்த்தார்கள். கொட்டாவி விட்ட பையன்தான் அளவுகளைக் குறித்து வைத்தான்.

வித்தையும் சோதனையும்

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். முதல் நாள் கைதட்டியபோது பிள்ளைகள் எதையும் கற்கவில்லை, வித்தை பார்த்தார்கள். சுவையாகக் கற்பிப்பது என்றால் வண்ணப் புகையும் வெடிச் சத்தமும் காட்டுவது என்று பலர் எண்ணுகிறோம். அது போதாது. அமெரிக்காவின் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் எரிக் மேசூரும் அவர் குழுவினரும் 2004-இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று இதைத் தெளிவாக்குகிறது. சோதனையை வெறுமனே பார்த்த மாணவர்கள், அதைப் பார்க்காத மாணவர்களைவிடப் பெரிதாக ஒன்றும் புரிந்துகொண்டுவிடவில்லை. ‘என்ன நடக்கும்?’ என்று முன்கூட்டியே ஊகித்துவிட்டுப் பார்த்தவர்களே நன்கு புரிந்துகொண்டார்கள்.

ஆகவே நான் பின்பற்றும் வரிசை இது: முதலில் கேள்வி, அடுத்து ஊகம், பிறகு சோதனை, இறுதியில்தான் பெயரும் சூத்திரமும். ஊகத்தை ஒவ்வொருவரும் நோட்டில் எழுதியாக வேண்டும். எழுதிவிட்டால் அது அவரவர் சொந்தப் பந்தயம் ஆகிவிடுகிறது; முடிவு தெரியும்வரை மனம் வேறு பக்கம் போகாது.

சில எடுத்துக்காட்டுகளைச் சொல்கிறேன். கிணற்று ராட்டினத்தில் 10 கிலோ எடையுள்ள வாளியை இழுத்தால் கைக்கு எவ்வளவு பளு தெரியும்? பெரும்பாலோர் ‘ஐந்து கிலோ’ என்றே எழுதுகிறார்கள். வில் தராசைக் கயிற்றில் கட்டி இழுத்தால் 10-க்குச் சற்று மேலேயே காட்டும். ராட்டினம் பளுவைக் குறைப்பதில்லை. இழுக்கும் திசையை மாற்றி, நம் உடல் எடையையும் துணைக்கு அழைக்க உதவுகிறது. உராய்வுக்குக் கொஞ்சம் கூலியும் வாங்கிக்கொள்கிறது. இதன் பிறகு ‘நிலைக்கப்பி’ என்ற பெயரைச் சொன்னால் அது மறக்காது.

மண்பானைக்கு வெளியே பெயிண்ட் அடித்துவிட்டால் தண்ணீர் குளிருமா? துளைகள் அடைபட்டால் கசிவு இல்லை. கசிவு இல்லையேல் ஆவியாதல் இல்லை. ஒரு கிராம் நீர் ஆவியாகும்போது ஏறத்தாழ 580 கலோரி வெப்பத்தை எடுத்துச் செல்கிறது என்ற செய்தி அப்போது உயிர் பெறுகிறது. மழைக்காலத்தில் பானைத் தண்ணீர் ஏன் அவ்வளவாகக் குளிர்வதில்லை என்பதைப் பிள்ளைகள் தாமே சொல்லிவிடுகிறார்கள்.

மஞ்சள் கறை பட்ட துணியில் சோப்புப் போட்டால் சிவப்பதை வீட்டில் எல்லோரும் பார்த்திருக்கிறோம். அதன் மேல் எலுமிச்சைச் சாற்றை விட்டால் என்ன ஆகும்? அமில, காரப் பாடம் முழுவதும் அந்தத் துணியிலேயே இருக்கிறது. வெற்றிலைச் சுண்ணாம்பைத் தண்ணீரில் கரைத்து ஒரு நாள் தெளியவிட்டு, தெளிந்த நீரில் குழாயால் ஊதினால் அது பால் போல் வெளுக்கும். தொடர்ந்து ஊதினால்? ‘இன்னும் வெளுக்கும்’ என்று எழுதுவார்கள். அது மீண்டும் தெளியக் கண்டு வியப்பார்கள். ஊத வேண்டுமே தவிர உறிஞ்சக் கூடாது என்பதை மட்டும் கண்டிப்பாகச் சொல்லிவிட வேண்டும்.

முன்னோடிகள்

இவை ஒன்றும் புதுமையல்ல. கருமான் ஒருவரின் மகனாகப் பிறந்து, புத்தகம் கட்டும் கடையில் தொழில் பழகிய மைக்கேல் ஃபாரடே, 1860-61 குளிர்கால விடுமுறையில் லண்டன் ராயல் இன்ஸ்டிடியூஷனில் ஒரு மெழுகுவர்த்தியை வைத்துக்கொண்டே சிறுவர்களுக்கு ஆறு சொற்பொழிவுகள் ஆற்றினார். நம் நாட்டில், மத்தியப் பிரதேசத்து ஹோஷங்காபாத் மாவட்டத்தில் 1972-இல் 16 நடுநிலைப் பள்ளிகளில் தொடங்கிய அறிவியல் கல்வித் திட்டம், சோதனை செய்து தாமே விடை காணும்படி கிராமத்துப் பிள்ளைகளைப் பழக்கியது. தேர்விலும் புத்தகத்தைத் திறந்து பார்க்க அனுமதித்தது. பல மாவட்டங்களுக்குப் பரவிய அத்திட்டம் 2002-இல் நிறுத்தப்பட்டது. ஆயினும் தட்டும் டம்ளரும் கொண்டு அறிவியல் கற்பிக்க முடியும் என்பதை முப்பது ஆண்டுகள் நடத்திக் காட்டிய பெருமை அதற்கு உண்டு.

‘இப்படியெல்லாம் நடத்தினால் பாடத்திட்டத்தை முடிப்பது எப்போது? பொதுத்தேர்வு என்ன ஆவது?’ என்று சிலர் கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஒவ்வொரு பாடத்துக்கும் சோதனை செய்ய நேரம் இராது என்பதை நானும் கண்டேன். ஆனால் வாரத்துக்கு ஒரு நல்ல கேள்வி கேட்க நேரம் இருக்கிறது. மெய்யாகவே புரிந்த ஒன்றைத் தேர்வுக்கு முந்திய இரவில் மறுபடி நெட்டுருப் போட வேண்டியதில்லை; அந்த நேரம் மிச்சம்.

நம் கல்லூரியில் பயில்வோரில் பலர் நாளை கல்வியியல் படித்து ஆசிரியர்களாகப் போகிறவர்கள். அவர்களிடம் ஒரு வேண்டுகோள். வகுப்பில் ஒரு குழந்தை எழுந்து நமக்கு விடை தெரியாத கேள்வியைக் கேட்கும் நாள் கட்டாயம் வரும். அன்று ‘உட்கார்’ என்று சொல்லிவிடாதீர்கள். எங்கள் திண்ணை வகுப்பில் இப்போது அந்தச் சிறுமி மட்டுமல்ல, பின்வரிசைப் பையன்களும் கேட்கிறார்கள். சென்ற வாரம் ஒருவன், டம்ளருக்குள் உயரம் வேறுபட்ட இரண்டு மெழுகுவர்த்திகளை வைத்தால் எது முதலில் அணையும் என்று கேட்டான். வகுப்பு இரண்டு கட்சியாகப் பிரிந்து நோட்டில் எழுதியிருக்கிறது. நானும் எழுதியிருக்கிறேன். நாளை மாலை டம்ளரைக் கவிழ்க்கப் போகிறோம்.