ஜோடி சேர்வது மீனின் வேலை

விக்ரோலி கன்னம்வார் நகரின் சின்ன வீடுகளில் பெரிய மீன் தொட்டிக்கு ஏது இடம்? இரண்டடி நீளத் தொட்டியோடு ஆசை நின்றுவிடும். அதற்குத் தோதானவை குள்ள சிக்லிட் மீன்கள். அவற்றில் பிரபலமானது நீல ராம். ஒரினோகோ நதிப் படுகையைச் சேர்ந்த இது, 1948-ல் அறிவியல் பெயர் பெற்றது. இரண்டு அங்குலத்தைத் தாண்டினாலே அதிகம்.

வாங்குவது எளிது. பக்கத்திலேயே குர்லா. 'ஜோடி' என்று இரண்டு மீன்களைப் பையில் கட்டித் தருவார்கள். மாதங்கள் போகும், முட்டை வராது. காரணம் எளிமையானது: இரண்டுமே ஆண்!

அடையாளங்கள் இல்லாமல் இல்லை. ஆணின் முதுகுத் துடுப்பில் முன்முட்கள் நீண்டிருக்கும். பெண்ணின் வயிறு இளஞ்சிவப்பு. விலாவிலுள்ள கரும்புள்ளிக்குள் நீலப் பொட்டுகள் மின்னும். ஆனால் குஞ்சுப் பருவத்தில் இவை தெரியாது. நிறம் ஏறுவதற்காகப் பண்ணையில் ஹார்மோன் கொடுக்கப்பட்ட பெண், ஆண் போலவே தோன்றுவதும் உண்டு. அது முட்டையிடாமலே போகலாம்.

அனுபவசாலிகள் செய்வது வேறு: ஆறு குஞ்சுகளை வாங்கி ஒன்றாக வளர்க்கிறார்கள். ஆணும் பெண்ணும் சரிசமம் என்று வைத்துக்கொண்டால், இரண்டு மீன்கள் ஒரே பாலாக அமையும் வாய்ப்பு பாதிக்குப் பாதி. ஆறும் அப்படி அமையும் வாய்ப்பு 32-ல் ஒன்றுதான். வளர்ந்ததும் தாமே ஜோடி சேர்ந்து, ஒரு மூலையைப் பிடித்துக்கொண்டு மற்றவற்றை விரட்டும். அப்போது மற்றவற்றை அகற்றிவிடலாம்.

மும்பையின் ஏரி நீர் மென்மையானது, ராமுக்கு ஏற்றது. குளோரின் போக ஒரு நாள் வாளியில் வைக்க வேண்டும். தெருவோர பாதாம் மரத்தின் காய்ந்த இலை ஒன்றைப் போட்டால் நீரில் லேசான அமிலத்தன்மை ஏறும். 28 டிகிரி வெப்பத்தில், தட்டையான கல்லில் முட்டையிடும். இரண்டு மூன்று நாளில் பொரியும். முதல் ஈட்டைப் பெற்றோரே தின்றுவிட்டால் பதற வேண்டாம். அடுத்தடுத்த ஈடுகளில் பழகிக்கொள்ளும்.

நம் ஊர் சிக்லிட் ஒன்றும் உண்டு. தென்னிந்திய, இலங்கை உப்பங்கழிகளில் வாழும் ஆரஞ்சு குரோமைடு, கேரளத்துக் கரிமீனுக்கு உறவு. இதில் ஆண் எது, பெண் எது என்று பார்த்துச் சொல்வது மிகக் கடினம். தாயும் தந்தையும் சேர்ந்தே காவல் காக்க, குஞ்சுகள் அவற்றின் உடலில் சுரக்கும் கோழையைக் கொத்தித் தின்னும். இங்கும் அதே வழிதான்: ஆறு வாங்கி, காத்திருப்பது. எது எதற்கு ஜோடி என்பதை மீன்கள் நம்மைவிட நன்றாக அறியும்.