சும்மா பிடித்த கை ஏன் கடுக்கிறது?



கைத்தெளிப்பானை முதுகில் மாட்டி மருந்தடிக்கிறீர்கள். ஒரு கை ஓயாமல் பம்பு அடிக்கிறது. மறு கை குழலை ஏந்தியபடி இருக்கிறது, அவ்வளவுதான். ஆனாலும் சாயந்திரம், "சும்மா பிடிச்ச கைதான் ரொம்பக் கடுக்குது" என்று பலர் சொல்கிறார்கள். காரணம் உண்டு.

தசை சுருங்கி விரியும்போது இரத்தம் தாராளமாக வந்து போகும். அசையாமல் இறுகி நின்றால் இரத்தக் குழாய்கள் நசுங்கும். மடையை அடைத்த வாய்க்கால் மாதிரிதான். பிராணவாயு வரத்து குறையும். கழிவும் உள்ளேயே தேங்கும்.

எவ்வளவு நேரம் தாங்கும்? ஜெர்மனியில் ரோமெர்ட் என்ற விஞ்ஞானி 1960-இல் இதை அளந்து வெளியிட்டார். முழு பலத்தோடு பிடித்தால் சில விநாடிதான். பாதி பலத்தில் சுமார் ஒரு நிமிடம். 15 சதவீதத்துக்குக் கீழே என்றால் நெடுநேரம் தாங்கும் என்று கருதினார்கள். பிறகு வந்த ஆராய்ச்சிகளோ, லேசான பிடியும் நேரமானால் தசையைக் களைக்க வைக்கும் என்று காட்டின.

இங்கேதான் நாம் ஏமாறுகிறோம். மூட்டையைத் தம் கட்டித் தூக்கிய களைப்பு, சில நிமிட ஓய்வில் பெரும்பாலும் தீரும். லேசாக, ஆனால் மணிக்கணக்கில் பிடித்த களைப்பு அப்படியல்ல. வலி போன பிறகும் பலம் முழுசாகத் திரும்ப மறுநாள்கூட ஆகலாம். அந்தக் கையில் அரிவாள் எடுத்தால் பிடி தவறும்.

ஆகவே, கடுப்பு வரும்வரை காத்திராதீர்கள். டாங்கிக்கு டாங்கி கை மாற்றுங்கள். குழலை இறுக்காமல், முழங்கையை உடம்போடு ஒட்டிப் பிடியுங்கள். 16 லிட்டர் டாங்கியில் தண்ணீர் மட்டுமே 16 கிலோ. இறக்கி வைத்து, கையை உதறி, தோளைச் சுழற்றிய பிறகு அடுத்ததை நிரப்புங்கள். இரத்தக் கொதிப்பு உள்ளவர்கள் மூச்சை அடக்கி எதையும் தூக்கவேண்டாம்.

கடைசியாக ஒன்று. மருந்தடித்த அன்று தசை துடித்தாலோ, வாந்தி, மயக்கம், அதிக வியர்வை, கண் மங்கல் வந்தாலோ, 'வேலை அலுப்புதானே' என்று படுத்துவிடாதீர்கள். அது மருந்தின் விஷமாக இருக்கலாம். மருந்து டப்பாவின் சீட்டையும் எடுத்துக்கொண்டு உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

அலுப்புக்கு ஓய்வு, விஷத்துக்கு வைத்தியம். இரண்டையும் குழப்பிக்கொள்ளாதீர்கள்.