பிளந்த இரும்பைப் பிணைக்கும் தொழில்

போர்க்களத்தில் ஊர்தியொன்று பழுதுபட்டால், புதியது வரும்வரை காத்திருத்தல் இயலாது. கையிலுள்ள கருவிகளைக் கொண்டு, நின்ற இடத்திலேயே அதனைச் செப்பனிடல் வேண்டும். இக்கடமைக்கெனவே இந்தியப் படையில் மின், எந்திரப் பொறியாளர் பிரிவு 1943ஆம் ஆண்டில் அமைக்கப்பெற்றது. அப்பிரிவில் பணியாற்றுவோருள் பலர் நாற்பது வயதை ஒட்டியே ஓய்வு பெறுகின்றனர். உடல் வலிமையும் கைத்திறனும் குன்றாத அப்பருவத்தில் அவர்கள் மேற்கொள்ளத்தக்க தொழில்களுள் ஒன்று, பிளந்த வார்ப்பிரும்பைச் செப்பனிடுதல்.

திருவள்ளூர் மாவட்டத்தின் வட எல்லையில், சென்னையிலிருந்து கொல்கத்தா செல்லும் நெடுஞ்சாலையில் உள்ளது ஆரம்பாக்கம். அதற்குத் தெற்கே, கும்மிடிப்பூண்டியில், பழைய இரும்பை உருக்கிக் கம்பியாக உருட்டும் ஆலைகள் பல உள. இத்தகைய ஆலைகளில் எந்திரப் பீடங்களும் பற்சக்கரப் பெட்டிகளும் பல வார்ப்பிரும்பால் ஆனவை. அவற்றுள் ஒன்று பிளந்தால் உருட்டும் வேலையே நின்றுவிடும். புதிதாக அச்சுச் செய்து, வார்த்து, கடைந்து பொருத்தப் பல வாரங்கள் ஆகும். அதுவரை நாட்கூலி பெறுவோர் வீட்டில் அடுப்பு எரிவது எங்ஙனம்?

பற்றவைத்து ஒட்டினால் என்ன எனக் கேட்கலாம். வார்ப்பிரும்பில் கரி மிகுதி. ஆதலின் அது அழுத்தத்தைத் தாங்குமேயன்றி இழுப்பைத் தாங்காது. ஓரிடத்தை மட்டும் சூடாக்கினால் அவ்விடம் விரியும். சூழவுள்ள குளிர்ந்த பகுதி அதற்கு இடங்கொடாது. ஆறும்போது புதிய பிளவு தோன்றும். பொருள் முழுவதையும் மெல்லச் சூடாக்கி மெல்ல ஆற்றினால் இக்கேட்டைத் தவிர்க்கலாம். ஆனால் பல டன் எடையுள்ள எந்திரத்திற்கு அது எளிதன்று.

இவ்விடர்ப்பாட்டிற்கு 1930களில் அமெரிக்காவின் டெக்சாஸ் எண்ணெய் வயல்களில் வழி காணப்பட்டது. எரிவாயு நிறைந்த அவ்விடத்தில் தீயை மூட்டுதல் பேரிடராகும். ஆகவே நெருப்பின்றி இரும்பைத் தைக்கும் முறை பிறந்தது. மெட்டலாக் என்பது அதன் பெயர். இரண்டாம் உலகப் போருக்குப் பின், அது பிரிட்டனிலும் தொழிலாக நிறுவப்பெற்றது.

முதலில் பிளவின் முழு நீளத்தைக் காணல் வேண்டும். மண்ணெண்ணெய் தடவித் துடைத்து, சுண்ணப் பொடி பூசினால், பிளவினுள் புகுந்த எண்ணெய் வெளிவந்து கோடாகத் தெரியும். பின்னர்ப் பிளவுக்குக் குறுக்கே வரிசையாகத் துளையிட்டு, அவற்றை ஒன்றாக்கி, மணி கோத்தாற்போன்ற வடிவுள்ள உலோகப் பூட்டுகளை அடித்து இறுக்குவர். பிளவின் நெடுகிலும் மரையிட்டு, ஒன்றையொன்று கவ்வுமாறு திருகாணிகளை முடுக்குவர். இறுதியில் மேற்பரப்பைத் தேய்த்துச் சமன் செய்வர். சூடு இல்லாமையால் பொருள் கோணுவதில்லை. எந்திரத்தை இடம்விட்டுப் பெயர்க்கவும் பெரும்பாலும் வேண்டுவதில்லை.

படையில் கற்ற பொறுமையும் நுண்ணளவும் இவ்வேலைக்கு உறுதுணையாகும். எனினும் தொழில் நடத்துவோர் புதிதாகக் கற்க வேண்டியனவும் உண்டு. படையில் வேலையும் கருவியும் ஆணைப்படி வந்தன. இங்கோ ஆலைதோறும் சென்று வேலை தேடல் வேண்டும். செலவைக் கணக்கிட்டுக் கூலி கூறல் வேண்டும். ஓய்வூதியம் உண்மையால், கைத்துளைக் கருவி முதலிய சிலவற்றோடு சிறிதாகத் தொடங்கலாம். மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தை அணுகி வழிகாட்டுதலும் பெறலாம்.

அனைத்தினும் அரியது, இயலாததை இயலாது என்று கூறும் துணிவாகும். துருவேறி மெலிந்த இரும்பு தைப்பைத் தாங்காது. பிளந்ததன் காரணத்தை நீக்காமல் தைத்தால், தைத்த இடத்திற்கு அருகிலேயே மீண்டும் பிளக்கக்கூடும். கூலியை விரும்பி அத்தகைய வேலையை ஏற்றால், எந்திரத்தின் அருகே நிற்பவர் உயிருக்கே தீங்கு நேரலாம். அவர் தம் உயிரைச் செப்பனிட்டவரின் சொல்லை நம்பியே அங்கு நிற்கிறார்.