பொதியில் ஒரு சொல், சாக்கடையில் ஒரு மலை

குழந்தையின் உடலைத் துடைக்கவும், நோயாளியைச் சுத்தஞ் செய்யவும், பிரயாணத்தின்போது கைமுகந் துடைக்கவும் இக்காலத்தார் ஈரத் துடைதாளைப் பெரிதும் பயன்படுத்துகின்றனர். கடைகளில் வெற் ரிஷு என்று கேட்டு வாங்கப்படும் பொருள் இதுவே. இவற்றுட் சிலவற்றின் பொதியில், மலசலகூடத்திலிட்டு நீர் பாய்ச்சி அகற்றலாம் என அச்சிடப்பட்டிருக்கும். நீர் பாய்ச்சினால் அது கண்ணை விட்டு மறையும் என்பதில் ஐயமில்லை. சிறு பொம்மையொன்றை இட்டாலும் அவ்வாறே மறையும். மறைந்தபின் அதற்கு யாது நேர்கின்றது என்பதே வினா.

மலசலகூடக் கடதாசி மரக்கூழின் குறுகிய நார்களால் ஆயது. நீர் புகுந்ததும் நார்களுக்கிடையிலுள்ள பிணைப்புத் தளர்ந்து, சிறிது கலக்கினாலே அது கூழாகிவிடும். ஈரத் துடைதாளோ மாதக்கணக்காகப் பொதிக்குள் ஊறிக் கிடப்பது. ஊறியுங் கிழியாதிருத்தலே அதன் சிறப்பு. ஆதலால் நீண்ட நார்களை விசைமிக்க நீர்த்தாரைகளாற் பின்னி அதனை ஆக்குகின்றனர். பலவற்றில் பொலியெஸ்தர் முதலிய பிளாஸ்ரிக் நார்களுங் கலந்திருக்கும். நீரில் விடத்தக்கவை எனப்படுவன பெரும்பாலும் தாவர நார்களால் ஆனவையே. எனினும், பொதிக்குள் ஈரத்தாற் சிதையாத பொருள் குழாய்க்குள் ஈரத்தாற் சிதைய வேண்டும் என்பது எளிதில் நிறைவேறும் விருப்பமன்று. தாவர நார் காலப்போக்கில் உக்கும் என்பதும் இங்கு விடையாகாது. உக்குவதற்கு நாட்கள் பல வேண்டும்; கழிவுநீர் பம்பியைச் சென்றடையச் சில மணி நேரமே போதும்.

உற்பத்தியாளர் செய்யும் சோதனையொன்றில், துடைதாளை நீருள்ள பெட்டியில் இட்டு முன்னும் பின்னுமாக ஆட்டுவர். எவ்வளவு வேகமாக, எவ்வளவு நேரம் ஆட்டுவது என்பதிலேதான் அவர்களுக்கும் கழிவுநீர்த் துறையினருக்கும் பிணக்கு. உண்மையான சாக்கடையில் நீர் சரிவின் வழியே ஆழங்குறைந்து மெல்லச் செல்லும். அங்கே பெட்டியை ஆட்டுவார் எவருமிலர். 2019இல் கனடாவின் ரொறன்ரோ நகரில், அக்காலத்தில் றையர்சன் என வழங்கிய பல்கலைக்கழகத்தார் 101 பொருள்களைச் சோதித்தனர். அவற்றுள் 23, நீரில் விடத்தக்கவை எனப் பெயர் பூண்டவை. ஈரத் துடைதாள் ஒன்றேனும் தீங்கின்றிப் போகுமளவுக்குச் சிதையவில்லை.

சிதையாத துடைதாள் தனியே நிற்பதில்லை. சமையலறையிலிருந்து வரும் எண்ணெயும் கொழுப்பும் குளிர்ந்து, கல்சியத்தோடு கூடிச் சவர்க்காரம் போன்ற கட்டியாகின்றன. சுவரெழுப்புவோர் சாந்தினுள் வைக்கும் நாரைப் போலத் துடைதாள்கள் அக்கட்டிக்கு வலுவளிக்கின்றன. 2017இல் இலண்டன் மாநகரின் வைற்சப்பல் பகுதியில், விக்ரோறியா மகாராணியார் காலத்துச் சாக்கடையினுள் இத்தகைய கட்டியொன்று கண்டுபிடிக்கப்பட்டது. அதன் நீளம் 250 மீற்றர், நிறை ஏறத்தாழ 130 தொன். உயரழுத்த நீர்த்தாரையும் மண்வெட்டியுங் கொண்டு தொழிலாளர் வாரக்கணக்காக அதனை உடைத்தனர். அதன் துண்டொன்று மறு ஆண்டு இலண்டன் நூதனசாலையிற் காட்சிக்கு வைக்கப்பட்டது. பெட்டிக்குள்ளேயே அதிலிருந்து ஈக்கள் பொரித்தன.

அமெரிக்காவின் சார்ல்ஸ்ரன் நகரில் 2018 ஒக்ரோபரில் நிகழ்ந்தது இதனினும் கொடிது. கழிவுநீர் நிலையத்துப் பம்பிகளிற் கோளாறு நேரவே, சுழியோடிகள் 80 அடிக்கு மேற்பட்ட ஆழத்துக்கு மலநீரில் இறங்கினர். ஒளி சிறிதும் புகாத அவ்விடத்தில், கைகளாலே தடவித் துடைதாட் திரள்களைப் பிரித்தெடுத்தனர். பொதியின் மீது ஒரு சொல்லை அச்சிடுவதற்கு ஆகுஞ் செலவு மிகச் சிறிது. அதனைத் திருத்துவோர் இம்மனிதர்.

அச்சொல்லை நீதிமன்றத்திற் பொய்யென நிறுவுவதும் எளிதன்று. அவுஸ்திரேலியாவில் நுகர்வோர் ஆணையம் இரு நிறுவனங்கள்மீது வழக்குத் தொடுத்தது. ஒன்று தவற்றை ஒப்புக்கொள்ள, 2018இல் அதற்கு 7 இலட்சம் டொலர் தண்டம் விதிக்கப்பட்டது. மற்றைய வழக்கு 2019இல் தள்ளப்பட்டது, மேன்முறையீடும் பயனளிக்கவில்லை. அந்நிறுவனத்தின் துடைதாளே குழாய்க்குக் கேடு விளைத்தது என்பதற்குப் போதிய சான்றில்லை என்றனர் நீதிபதிகள். சாக்கடையிலிருந்து எடுக்கப்படும் திரளில் எத்துண்டு எவர் செய்தது என்று யார் கூற வல்லார்? பிரித்தானியாவின் நீர்த் துறையினர், கடுஞ் சோதனையில் தேறிய துடைதாள்களுக்கென 2019இல் நன்முத்திரையொன்றை வகுத்தனர். 2024இல் அவர்களே அதனைக் கைவிட்டனர். முத்திரை பெற்றது எது, பெறாதது எது என்று மக்கள் மயங்கியமையால், எல்லாவற்றையுங் குப்பையில் இடுக என்ற ஒரே அறிவுரையே நலமெனக் கண்டனர்.

கொழும்பின் நிலக்கீழ்க் கழிவுநீர்க் குழாய்கள் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இடப்பட்டவை. இலங்கையின் பெரும்பாலான வீடுகளிலோ மலக்குழியே உண்டு. அங்கும் சிதையாத துடைதாள் குழியின் இடத்தை அடைத்து, நீர் வெளியேறும் வாயை மறித்து, காலத்துக்கு முன்னரே குழியை நிரப்பிவிடும். ஐயமுள்ள நேயர் இரு போத்தல்களில் நீர் எடுத்து, ஒன்றிற் கடதாசியையும் மற்றதிற் துடைதாளையும் இட்டுக் குலுக்கி, மறுநாட் காலையிற் பார்க்கலாம். குளியலறையில் மூடியுள்ள கூடையொன்று வைப்பதற்கு அதற்குமேற் காரணம் வேண்டியிராது.