உருளைக்கிழங்கு: மருந்துக்கு முன் பரிசோதனை

நீலகிரியிலும் கொடைக்கானல் மலையிலும் சொந்த நிலத்திலோ குத்தகை நிலத்திலோ உருளைக்கிழங்கு பயிரிடும் சகோதரர்களுக்காக இக்கட்டுரை.

ஒரு ஏக்கர் நடவுக்கு ஏறத்தாழ ஒரு டன் விதைக்கிழங்கு தேவைப்படுகிறது. செலவில் பெரும்பகுதி நடவு நாளிலேயே மண்ணுக்குள் போய்விடுகிறது. பலருக்கு அது கடன் வாங்கிய பணம். செடி வாடியதும் மருந்துக்கடைக்கு ஓடி, கிடைத்ததை வாங்கித் தெளிப்பதால் அந்தப் பணம் திரும்பி வராது. இலைக்கருகலுக்கான மருந்து பாக்டீரியாவைக் கொல்லாது. வேரைத் தின்னும் நூற்புழுவுக்கு இலையில் தெளித்துப் பயனில்லை. எனவே, முதலில் நோய் எதுவென்று அறிய வேண்டும்.

மண்ணில் மறைந்திருப்பது

முட்டைக்கூடு நூற்புழு இந்தியாவில் முதன்முதலில் கண்டறியப்பட்டது 1961-இல், நம் நீலகிரியில்தான். பெண் புழு இறந்ததும் அதன் உடலே கெட்டியான கூடாகிவிடும். குண்டூசித் தலையைவிடச் சிறிய அந்தக் கூட்டுக்குள் நூற்றுக்கணக்கான முட்டைகள் இருக்கும். உருளைக்கிழங்கு பயிரிடாவிட்டாலும் அவை 20 ஆண்டுகள் வரைகூட உயிரோடு இருக்கும். மறுபடி நடும்போது, வேரிலிருந்து கசியும் பொருளை உணர்ந்து பொரித்து வெளிவரும்.

வயலில் ஆங்காங்கே திட்டுத் திட்டாகச் செடிகள் குட்டையாகி மஞ்சளித்தால் சந்தேகப்படுங்கள். நட்ட 55, 60 நாளில் ஒரு செடியை மண்ணோடு மெதுவாகத் தோண்டி எடுத்துப் பாருங்கள். வேரில் வெள்ளை அல்லது மஞ்சள் நிறத்தில் கடுகைவிடச் சிறிய உருண்டைகள் ஒட்டியிருந்தால் இதுதான்.

இதைவிட நல்லது, நடவுக்கு முன்பே மண்ணைச் சோதிப்பது. வயலில் குறுக்கும் நெடுக்குமாக நடந்து, பல இடங்களில் அரையடி ஆழத்து மண்ணைச் சிறிது சிறிதாக எடுங்கள். நன்கு கலந்து அரை கிலோ அளவு பையில் கட்டுங்கள். ஒவ்வொரு வயலுக்கும் தனிப் பை வேண்டும். ஆய்வகத்தில் மண்ணை உலர்த்தி நீரில் கரைப்பார்கள். கூடுகள் மிதக்கும். அவற்றைச் சல்லடையில் பிடித்து, நுண்ணோக்கியில் வைத்து எண்ணுவார்கள்.

புழு இருப்பது உறுதியானால் முட்டைகோஸ், காரட், பீன்ஸ், பூண்டு எனப் பயிரை மாற்றுங்கள். தக்காளியும் கத்தரியும் இப்புழுவுக்கு உணவாகும் என்பதால் அவை வேண்டாம். குஃப்ரி ஸ்வர்ணா, குஃப்ரி நீலிமா, குஃப்ரி சஹ்யாத்ரி ஆகியவை எதிர்ப்புச் சக்தி உள்ள ரகங்கள். அவற்றின் வேரில் புழு நுழைந்தாலும் பெருக முடியாது.

இலையில் தெரிவது

கார்போகத்தில் மழையும் மூடுபனியும் சேரும்போது வருவது பின்பருவ இலைக்கருகல். 1845-இல் அயர்லாந்தில் தொடங்கிய பெரும் பஞ்சத்துக்குக் காரணமான அதே நோய் இது. இலை ஓரத்தில் நீர் கோத்தது போன்ற புள்ளி தோன்றிக் கருகும். சில நாட்களிலேயே வயல் முழுவதும் பரவிவிடும். சந்தேகமுள்ள இலையை, ஈரத் துணி விரித்த டப்பாவில் ஓர் இரவு மூடி வையுங்கள். காலையில் இலையின் அடியில் வெண்மையான பூசணம் படர்ந்திருந்தால் அது பின்பருவக் கருகல். புள்ளி உலர்ந்து, வளையத்துக்குள் வளையமாக இருந்தால் அது முன்பருவக் கருகல்.

மான்கோசெப் போன்றவை நோய் வருமுன் காப்பவை. நோய் உள்ளே போனபின் அவை மட்டும் போதாது. சைமாக்ஸனில் கலந்த மருந்து போன்றவற்றை வேளாண் அலுவலரின் ஆலோசனைப்படி பயன்படுத்துங்கள். ஒரே மருந்தைத் திரும்பத் திரும்பத் தெளித்தால் நோய்க்கிருமி அதற்குப் பழகிவிடும். இலையின் அடிப்புறமும் நனையும்படி தெளிப்பது அவசியம். அறுவடைக்கு முன் நோயுள்ள தழையை அறுத்து அகற்றினால் கிழங்கு தப்பும்.

தண்டில் இருப்பது

மண்ணில் ஈரமிருந்தும் பச்சையாக இருக்கும்போதே செடி திடீரென வாடினால் பாக்டீரியா வாடலாக இருக்கலாம். தண்டின் அடிப்பகுதியை வெட்டி, கண்ணாடித் தம்ளரில் தெளிந்த நீரில் நுனி படும்படி பிடியுங்கள். சில நிமிடங்களில் பால் போன்ற இழை இறங்கினால் சந்தேகமில்லை. இதைத் தீர்க்க மருந்து கிடையாது. செடியை மண்ணோடு பிடுங்கி அகற்றுங்கள். விதைக்கிழங்கை வெட்டி நடும் பழக்கத்தையும் விடுங்கள். ஒரு நோயுற்ற கிழங்கை வெட்டிய கத்தி அடுத்த கிழங்குகளுக்கும் நோயைக் கொண்டுபோகும்.

விதையில் வருவது

இலை சுருளுதல், தேமல் ஆகியவை நச்சுயிரி நோய்கள். அசுவினிகள் இவற்றைப் பரப்புகின்றன. கிழங்கு பார்வைக்கு நன்றாகவே இருக்கும். ஆனால் அதையே விதையாக வைத்தால் ஆண்டுதோறும் விளைச்சல் குறையும். எலைசா என்ற பரிசோதனையே இதைக் காட்டும். மருத்துவமனையில் இரத்தத்துக்குச் செய்யும் அதே முறைதான்.

மலைப்பகுதி விதை என்றாலே சுத்தம் என்று நம்பிவிடவும் முடியாது. 2018-இல் ஹிமாச்சலப் பிரதேசம், ஜம்மு காஷ்மீர், உத்தராகண்ட் பகுதிகளின் விதைக்கிழங்கு வெளியே போக மத்திய அரசு தடை விதித்தது. காரணம் இதே நூற்புழு. எனவே சான்று பெற்ற விதையைக் கேட்டு வாங்குங்கள்.

நீலகிரியில் முத்தோரையிலுள்ள மத்திய உருளைக்கிழங்கு ஆராய்ச்சி நிலையத்திலும், உதகையிலுள்ள தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் தோட்டக்கலை ஆராய்ச்சி நிலையத்திலும் ஆலோசனை பெறலாம். மாதிரி எடுக்கும் முன்பே கேட்டுக்கொண்டு செல்வது நல்லது.

முடிவு பாதகமாக வந்தால் அதை மறைக்காதீர்கள். நூற்புழு மனிதருக்குத் தீங்கு செய்யாது. அந்த வயலின் கிழங்கை மண் நீக்கி, உணவுக்கு விற்கலாம். விதைக்கென்று மட்டும் விற்கக் கூடாது. அந்த வயலில் பயன்படுத்திய மண்வெட்டி, செருப்பு, கோணி ஆகியவற்றைக் கழுவாமல் அடுத்த வயலுக்குக் கொண்டுபோகவும் வேண்டாம். குறையை அறிந்தே விதையாக விற்றால், வாங்கியவர் அதை 20 ஆண்டுகள் தன் நிலத்தில் சுமக்க நேரிடும். அரை கிலோ மண்ணை எடுத்துச் சோதிக்கும் சிரமம் அதைவிட மிகச் சிறியது.