'அது நம்ம டிபார்ட்மென்ட் இல்லப்பா!'

பெரிய கம்பெனி, கழுத்தில் ஐ.டி. கார்டு... இன்ஜினீயரிங் படிக்கிற எல்லோருக்கும் இருக்கிற கனவு எனக்கும் உண்டு. போன செமஸ்டர் லீவில் அப்படி ஒரு கம்பெனிக்கு இன்டர்ன்ஷிப் போனேன். ஒரு மாசம் ஒரே ஒரு பார்ட்டை டெஸ்ட் பண்ற வேலை. "இது எங்கே போய் மாட்டுவாங்க சார்?"னு கேட்டா, சிரிச்சுக்கிட்டே பதில் வந்தது... "அது நம்ம டிபார்ட்மென்ட் இல்லப்பா!"

சாதாரண பதில்தான். ஆனா, இதே பதில் உயிரைக் குடிச்ச கதை ஒண்ணு இருக்கு பாஸ்!

அமெரிக்காவின் ஜெனரல் மோட்டார்ஸ் 2000-களில் விற்ற கோபால்ட் போன்ற சில கார்களில் இக்னிஷன் சுவிட்ச் கொஞ்சம் லூஸ். சாவிக்கொத்து கனமா இருந்தாலோ, முழங்கால் இடிச்சாலோ சாவி தானா திரும்பிடும். ஓடுற வண்டியில் இன்ஜின் ஆஃப்! புகார்கள் வந்தப்போ, 'வாடிக்கையாளருக்கு அசௌகரியம்'னு வகைப்படுத்தினாங்களே தவிர, பாதுகாப்புப் பிரச்னையா பார்க்கலை. சாவி திரும்பிட்டா விபத்து நேரத்தில் ஏர்பேக்கும் விரியாது. சுவிட்சையும் ஏர்பேக்கையும் முடிச்சுப் போட்டுப் பார்க்க ஆள் இல்லை!

2006-ல் ஒரு இன்ஜினீயர் சுவிட்சை மாத்த ஒப்புதல் கொடுத்தார். ஆனா, பார்ட் நம்பர் மட்டும் பழசு! புது கார்களில் இல்லாத கோளாறு பழைய கார்களில் மட்டும் ஏன்னு, அதே கம்பெனியில் விபத்துகளை ஆராய்ஞ்சவங்களே வருஷக்கணக்கில் குழம்பினாங்க. 2013-ல், மகளைப் பறிகொடுத்த ஒரு குடும்பம் போட்ட வழக்கில்தான் குட்டு உடைஞ்சது. அவங்க தரப்பு நிபுணர் பழைய சுவிட்சையும் புது சுவிட்சையும் பிரிச்சுப் பார்த்துக் கண்டுபிடிச்சார். 2014-ல் சுமார் 26 லட்சம் கார்களைத் திரும்ப அழைச்சாங்க. இழப்பீட்டு நிதி ஏத்துக்கிட்ட மரணங்கள் மட்டும் 124.

அதே வருஷம் வந்த விசாரணை அறிக்கையில் 'ஜி.எம். தலையாட்டல்'னு ஒரு விஷயம் வருது. மீட்டிங்கில் எல்லோரும் தஞ்சாவூர் பொம்மை மாதிரி தலையாட்டுவாங்க. வெளியே வந்ததும் யாரும் எதுவும் செய்ய மாட்டாங்க. அடுத்து, 'ஜி.எம். சல்யூட்'. கையைக் குறுக்கே கட்டிக்கிட்டு, விரலை மட்டும் அடுத்தவங்க பக்கம் நீட்டுறது!

இதில் வில்லன்னு ஒருத்தர் இல்லைங்கிறதுதான் பயமா இருக்கு. அவங்கவங்க அவங்கவங்க கட்டத்துக்குள்ளே வேலையை முடிச்சிருக்காங்க... அவ்வளவுதான்.

அதுக்காகப் பெரிய கம்பெனியே வேண்டாம்னு சொல்லலை. ஆஃபர் லெட்டர் வந்தா முதல் ஆளா நானும் ஓடுவேன். ஆனா, போன முறை அந்தப் பதிலைக் கேட்டுட்டு நானும் தலையாட்டிட்டுத்தான் வந்தேன். அடுத்த முறை, "அப்போ அது எந்த டிபார்ட்மென்ட் சார்?"னு கேட்டுட்டு, அங்கேயும் ஒரு நடை போய்ப் பார்ப்பேன்!